கருத்து என்றால் எந்தக் கருத்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய மேலைத் தத்துவ நூல்களைத் தமிழாக்கும்போது ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்லைத்தான் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஆள வேண்டும் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒருவர் எழுதியிருந்தார். பௌதிகப் பாடநூலுக்கு அது பொருந்தும். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கிடம் பொருந்தாது.

மனித அறிவைப் பற்றிய அவருடைய பெருநூல் 1689 கடைசியில் வெளிவந்தது. ஒருவன் சிந்திக்கும்போது அவன் அறிவின் முன் எது நிற்கிறதோ அதெல்லாம் 'ஐடியா' என்று தொடக்கத்திலேயே வலையை அகல விரித்துவிடுகிறார். பனி உருண்டையின் வெண்மையும் குளிர்ச்சியும் ஐடியா. அழகு, நன்றி, ஒரு படை, பிரபஞ்சம் எல்லாமும் ஐடியாதான். தமிழில் இதற்குக் 'கருத்து' என்று எழுதிப் பழகிவிட்டோம். 'ஐடியலிசம்' என்பதற்கு வழங்கும் 'கருத்துமுதல்வாதம்' என்ற சொல் அதை இறுக்கியும் விட்டது. ஆனால் கருத்துக்கணிப்பு, கருத்து வேறுபாடு என்று கேட்டுப் பழகிய காதில் 'வெண்மை என்ற கருத்து' எப்படி விழும்? பனி வெள்ளையா இல்லையா என்பதில் ஆளுக்கோர் அபிப்பிராயம் இருப்பதுபோல் விழும். (தில்லியில் இந்தி வழியில் தத்துவம் படிக்கும் பிள்ளைகள் பாடும் இதுதான். ஐடியாவுக்கு அவர்கள் ஆளும் 'பிரத்யய' இலக்கண வகுப்பில் விகுதி.)

இதற்கு வழி வெளியே தேட வேண்டியதில்லை. பலபொருள் ஒருசொல்லைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்க இயலில் இரண்டாகப் பிரிக்கிறார்: வினையால் வேறுபடுவது, வேறுபடாதது. 'மா பூத்தது' என்றால் மரம். 'மா வீழ்ந்தது' என்றால் மரமா, விலங்கா? முதல் வகையில் வினை, இனம், சார்பு மூன்றும் பொருளைக் காட்டிக்கொடுக்கும். இரண்டாம் வகையில் குறித்தவனே தெரித்துச் சொல்ல வேண்டும்.

லாக்கை இப்படியே சலிக்கலாம். ஐடியா வரும் வாக்கியத்தில் முதலில் வினையைப் பாருங்கள். புலன் வழியே மனத்துக்குள் 'வந்தால்' அது புலனுணர்வு. நினைவிலிருந்து 'மீண்டால்' நினைவுரு. மனம் பலவற்றைச் 'சேர்த்துக் கட்டினால்' அழகு, படை போன்ற கூட்டு. வெறுமனே 'நமக்கு இருக்கிறது' என்றால் வினை உதவாது. பக்கத்தில் நிற்கும் சொற்களையும் பத்தியின் போக்கையும் பார்த்தாக வேண்டும். சில இடங்களில் அவருடைய ஐடியா பனி உருண்டையிலேயே போய் உட்கார்ந்திருக்கும். அங்கே மொழிபெயர்ப்பாளர் திகைக்க வேண்டாம். ஐடியா பொருளிலேயே இருப்பதாக நான் பேசினால், அந்த ஐடியாவை நம்முள் எழுப்பும் பொருளின் பண்பையே சொல்வதாகக் கொள்ளுங்கள் என்று இரண்டாம் புத்தகம் எட்டாம் அதிகாரத்தில் அவரே தெரித்துவிடுகிறார். 'பண்பு' என்றே எழுதிவிடலாம்.

அதற்காக இடத்துக்கு இடம் முற்றிலும் வேறு சொல் போட்டாலும் கெடும். சில ஐடியாக்கள் வெளிப்பொருளின் பண்பை ஒத்திருக்கும் என்ற லாக்கை, அவருக்குப் பின் வந்த தத்துவவாதி பெர்க்லி 1710-இல் மடக்குவது ஒரே வரியில்: ஐடியாவைப் போல் இருக்கக்கூடியது இன்னோர் ஐடியாதான். இந்த வரியில் முதல் ஐடியாவுக்குப் 'புலனுணர்வு', இரண்டாவதற்குக் 'கருத்து' என்று எழுதினால் வாதமே காணாமல் போகும். ஆகவே அடிச்சொல் 'எண்ணம்' என்று ஒன்றாக இருக்கட்டும், அடைகள் மாறட்டும்: புலனெண்ணம், நினைவெண்ணம், கூட்டெண்ணம். எண்ணத்துக்கும் 'நோக்கம்' என்ற நிழல் உண்டுதான். ஆனால் கருத்து அளவுக்குக் குறுக்கே விழாது.

லாக்குக்குச் செய்த பட்டியலை அப்படியே ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமுக்கு எடுத்துச் செல்லவும் கூடாது. 1739-இல் அவர் புலனிலும் உணர்ச்சியிலும் நேரே படும் சூடான பதிவை வேறாகவும், அதன் மங்கிய நகலை மட்டும் ஐடியா என்றும் பிரித்தார். லாக் இந்தச் சொல்லைத் திரித்துவிட்டார் என்று அடிக்குறிப்பில் குறையும் சொன்னார். பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட்டின் 1641 நூலில் வரும் 'அப்ஜெக்டிவ்' இன்னும் பெரிய குழி. அகராதியைப் பார்த்துப் 'புறவயமான உண்மை' என்று எழுதினால் தலைகீழ். எண்ணத்தால் சுட்டப்படும் பொருளாக, எண்ணத்துக்குள் இருக்கும் இருப்பையே அவர் அப்படிச் சொல்கிறார்.

பதிப்பகங்கள் இத்தகைய நூல்களின் முன்பக்கத்தில், எந்தச் சொல் எந்த இடத்தில் எப்படி ஆளப்பட்டது, ஏன் என்று இரண்டு பக்கம் ஒதுக்கினால் போதும். கலைச்சொல் பட்டியலைப் பின்னிணைப்பில் போடுகிறார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் வாசகர் பனி உருண்டையில் வழுக்கியிருப்பார்.

மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்,
மயூர் விஹார், தில்லி