அப்பாவை வழியனுப்ப வந்த எல்லோருக்கும்

அன்புள்ள உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் அப்பா காலமாகி இன்றோடு முப்பத்தைந்து நாள் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு இதை எழுதியிருக்க வேண்டும். அம்மாவின் பக்கத்திலிருந்து எழுந்துவர மனம் வரவில்லை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு பதினொன்றரை மணிக்கு அப்பாவின் மூச்சு நின்றபோது எனக்கும் தம்பிக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண் தானத்துக்கு அப்பா எழுதிக் கொடுத்திருந்ததை நாங்கள் அடியோடு மறந்துபோனோம். நினைவுபடுத்தியது எதிர்வீட்டு அக்காதான். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று சொல்லி, மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, தலைக்கு உயரமாகத் தலையணை கொடுத்ததும் அவரே. கண் வங்கியிலிருந்து வந்த மூன்று பிள்ளைகளும் வேலையை முடித்துவிட்டு அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். அக்கா, அப்பா ஆசைப்பட்ட ஒன்றாவது அன்று தவறாமல் நடந்தது என்றால் அது உங்களால்தான்.

பந்தல் போட்டவர், விடியும்முன் பால் காய்ச்சி எல்லோருக்கும் காபி கொடுத்த தெருக்காரர்கள், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் இரவோடு இரவாக வந்த சொந்தங்கள், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் உலை வைக்க விடாத சித்திமார்கள், எல்லோருக்கும் எங்கள் நன்றி.

இனி எழுதப்போவது வேறொரு நன்றி. இதற்காகத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன்.

அப்பா 1973இல் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். 2008இல் உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் கல்லணைக் கால்வாயோடுதான் இருந்தார். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று நாங்கள் மாறிய வீடுகளெல்லாம் அதன் கரையை ஒட்டியவையே. மேட்டூர் அணையோடு சேர்த்து 1934இல் முடித்த கால்வாய் அது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் புது ஆறு என்றுதான் சொல்வார்கள். கல்லணையில் தொடங்கி, தஞ்சாவூர் ஊருக்குள் புகுந்து, புதுக்கோட்டை மாவட்டம் வரை ஏறக்குறைய 150 கிலோமீட்டர் போகிறது. மேட்டூரை ஜூன் 12இல் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்கு வருவது தனிக்கதை. மேலே இருக்கும் தலைமடைக்காரர் மதகை ஒரு சாண் கூடுதலாகத் தூக்கிவிட்டால் கடைமடையில் நாற்று காயும். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசன நாட்களில் அப்பா வீட்டில் இருக்கவே மாட்டார். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் எங்கள் நோட்டுக்கு அட்டை போட்டது எப்போதும் அம்மாதான்.

எங்களுக்கு அது ஒரு குறை. மறைக்காமல் சொல்கிறேன், நாற்பது வயது தாண்டியும் எனக்கு அது உள்ளே இருந்தது. 2005 நவம்பரில் என் வளைகாப்புக்கு அப்பா வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் முழங்கால்வரை சேறு காய்ந்த கால்களோடு வந்து நின்றார். கையில் ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல். "வேலை இருந்துச்சும்மா" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் துக்கத்துக்கு வந்திருந்த, பேராவூரணிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பந்தலில் உட்கார்ந்து அந்த மூன்று நாளைச் சொன்னார். அவர் சொன்னது அப்படியே காதில் நிற்கிறது.

"ஏரி முட்ட நெறஞ்சு நிக்குது. கரைக்கு வெளியில அடிவாரத்துல ஊத்துக் கண்ணு கொப்புளிக்குது. நாங்க ஓடிப்போயி மண்ணை அள்ளி அது வாயை அடைக்கப் பாத்தோம். இஞ்சினியரய்யா கத்துனாரு, 'அடைக்காதீங்க, அடைச்சா வேற எடத்துல புடுங்கிக்கும்'னு. தண்ணியைக் கையில ஏந்திப் பாத்தாரு. 'தெளிவா வந்தா பயமில்ல, கலங்கி வருது, உள்ள கரையை அரிக்குது'ன்னாரு. ஊத்தைச் சுத்தி வட்டமா மூட்டை அடுக்கச் சொன்னாரு. தண்ணி வட்டத்துக்குள்ள ஏற ஏற, கொப்புளிப்பு அடங்கி, தண்ணி தெளிஞ்சு போச்சு. ரெண்டு ராத்திரி கரையிலயே கெடந்தாரு. எம்மவதான் கஞ்சி கொண்டாந்து குடுத்தா. 'எம்பொண்ணுக்கு இன்னைக்கு வளைகாப்பு'ன்னு அவகிட்டத்தான் சொன்னாராம்."

அய்யா, அந்தக் கஞ்சிக்கு நன்றி. அன்று எங்கள் அப்பாவின் பசியைப் பார்த்துக்கொண்ட உங்கள் மகளுக்கு நன்றி. பத்தொன்பது வருடமாக நான் பிடித்துவைத்திருந்த கோபத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனீர்கள். அப்பா இருக்கும்போதே எனக்கு இது தெரிந்திருக்கக் கூடாதா என்று அன்று இரவு முழுக்க அழுதேன். ஆனாலும் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். அப்பாவிடம் இருபது வருடம் லஸ்கராக, அதாவது மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் ஊழியராக இருந்தவர், தன் மகள் படிப்புக்கு அப்பா மாதாமாதம் பணம் கட்டியதைச் சொன்னார். அம்மாவுக்கு மட்டும் அது தெரிந்திருக்கிறது. 2018இல் கஜா புயல் அடித்து ஒரு வாரம்கூட ஆகாதபோது, வாய்க்காலில் சாய்ந்து கிடந்த தென்னைகளை எந்த வரிசையில் வெட்டி எடுத்தால் வெள்ளம் வடியும் என்று, ஓய்வு பெற்று பத்து வருடமான மனிதர் கரையோடு நடந்து சுண்ணாம்பால் குறி போட்டுக் கொடுத்ததை ராஜாமடம் வாய்க்கால் பக்கத்து இளைஞர்கள் சொன்னார்கள். அதே வருடம் ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

வீட்டு அப்பாவைப் பற்றி நாங்களும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 2013இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. அன்றிலிருந்து அப்பா வேறு எங்கும் தங்கவில்லை. தலை வாரிவிட்டார், சேலை மடிப்பு வைக்கக் கற்றுக்கொண்டார், குழந்தைகளின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கிவந்து அ, ஆ என்று அம்மாவைச் சொல்லவைத்தார். அலுவலகத்தில் தண்ணீர் அளவு எழுதிய அதே மாதிரி நீளமான நோட்டில் தேதி, நேரம், சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், அன்று அம்மா புதிதாகச் சொன்ன சொல் என்று ஐந்து கட்டம் போட்டு எழுதினார். மொத்தம் ஏழு நோட்டு இருக்கிறது. முதல் நோட்டின் நான்காவது பக்கத்தில், கடைசிக் கட்டத்தில், 'தண்ணி' என்று இருக்கிறது. அதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

அந்தப் பதினோரு வருடமும் வாரம் மூன்று நாள் வந்து அம்மாவுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி தம்பிக்கும், மாத்திரையைக் கடன் சொல்லிக்கூடக் கொடுத்துவிட்ட மருந்துக்கடை அண்ணனுக்கும், அப்பாவுக்குக் கடைசி வாரத்தில் இரவு முழித்திருந்த செவிலியர்களுக்கும் என்ன சொல்லி நன்றி தெரிவிப்பது என்று தெரியவில்லை.

அப்பா யாரிடமாவது பணமோ புத்தகமோ வாங்கித் திருப்பித் தராமல் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். நில மட்டம் பார்க்கும் அவருடைய லெவல் கருவிப் பெட்டியையும் வரைபடங்களையும் பாலிடெக்னிக் பிள்ளைகள் யாராவது பயன்படுத்துவார்கள் என்றால் கொடுத்துவிட விரும்புகிறோம்.

இன்னொரு வேண்டுகோள். அப்பாவைப் பற்றிச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் அம்மா வாசல் திண்ணையில்தான் இருப்பார். இடது பக்கமாக உட்காருங்கள், அந்தக் கையால் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும். அப்பா காத்திருந்ததுபோல் காத்திருங்கள்.

அன்புடன்,
மனைவி, மகள், மகன், பேரப்பிள்ளைகள்
தஞ்சாவூர்