முட்டை சுற்றும் வித்தை: விளக்கம் தவறு

ஆசிரியருக்கு வணக்கம்.

வெந்த முட்டையா பச்சை முட்டையா என்று சுற்றிப் பார்த்தே கண்டுபிடிக்கும் வித்தையைச் சிறுவர் பக்கத்தில் போட்டிருந்தீர்கள், சரி, ஆனால் 'பச்சை முட்டை கனம், அதனால் சுற்றாது' என்பது தவறு. எடை ஏறக்குறைய ஒன்றுதான். பச்சை முட்டையின் ஓட்டை நாம் சுற்றிவிட்டாலும் உள்ளே இருக்கிற கரு உடனே கூடச் சுற்றாமல் பின்தங்கி ஓட்டைப் பிடித்து இழுக்கிறது, அதனால்தான் தள்ளாடி ஓய்கிறது. சுற்றும் முட்டையை விரலால் ஒரு கணம் நிறுத்திவிட்டு விரலை எடுங்கள். வெந்தது சும்மா கிடக்கும். பச்சையோ, உள்ளே கரு இன்னும் சுழல்வதால், மெல்ல மறுபடி சுற்றும்.

அப்புறம், சுவையான விஷயத்தை விட்டுவிட்டீர்களே! வெந்த முட்டையைப் படுக்கவைத்து வேகமாகச் சுற்றினால் அது எழுந்து முனையில் நிற்கும். ஈர்ப்பு மையம் (எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) கீழே இறங்காமல் மேலே ஏறுவது எப்படி என்பதற்கு கேம்பிரிட்ஜின் கீத் மொஃபாட்டும் ஜப்பானின் யுடாகா ஷிமோமுராவும் 2002-இல்தான் 'நேச்சர்' அறிவியல் இதழில் விடை சொன்னார்கள்: மேசைமேல் வழுக்கும்போது உண்டாகும் உராய்வு, சுழற்சி ஆற்றலில் கொஞ்சத்தை எடுத்து முட்டையைத் தூக்கிவிடுகிறது. மெதுவாகச் சுற்றினால் எழாது.

நேற்று நான் வேகமாகச் சுற்றியதில் ஒன்று தரையில் விழுந்தது. நல்லவேளை, வெந்தது.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்