கேம் ஐடியும் சொத்துதான்

ஆசிரியருக்கு,

இணைய விளையாட்டுக் கணக்குகளைக் களவாடும் கும்பல்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். திரையில் மட்டுமே தெரியும் வாளும் கவசமும் எப்படித் திருட்டுப் பொருளாகும் என்ற கேள்விக்கு நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியிலேயே விடை சொல்லிவிட்டது. 13 வயதுச் சிறுவனை அடித்து உதைத்து, கத்தியைக் காட்டி மிரட்டி, ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டில் அவன் வைத்திருந்த தாயத்தையும் முகமூடியையும் பறித்துக்கொண்ட இரு சிறுவர்கள் பற்றிய வழக்கு அது. அவை வெறும் கணினித் தரவுகளே என்ற வாதத்தை ஏற்காத நீதிமன்றம், நேரமும் உழைப்பும் செலவிட்டுப் பெற்று அவன் ஒருவனே வசம் வைத்திருந்த பொருள்கள் என்பதால் அது திருட்டுதான் என்றது. நம் சட்டத்திலும் இதற்கு வழியுண்டு. திருட்டுக்கு உள்ளாகக்கூடிய ‘அசையும் சொத்து’ என்பதைப் பருப்பொருள், அதாவது தொட்டுணரக்கூடிய பொருள், என்று வரையறுத்தது பழைய இந்திய தண்டனைச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் வரையறையில் ‘பருப்பொருள்’ என்ற சொல்லே இல்லை.

என் அண்ணன் மகன், மூன்று ஆண்டுகள் விளையாடியும் கைச்செலவுக் காசைப் போட்டும் சேர்த்த ஸ்கின்களை (விளையாட்டுப் பாத்திரங்களுக்கும் ஆயுதங்களுக்குமான அலங்காரத் தோற்றங்கள்), ‘இலவசப் பரிசு’ என்று வந்த போலி இணைப்பில் கடவுச்சொல்லைத் தட்டியதால் ஒரே இரவில் இழந்தான். புகார் கொடுக்கப் போனால், “கேம்தானே தம்பி, புது ஐடி ஓப்பன் பண்ணிக்கோ” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் (பழைய சைக்கிள் தொலைந்திருந்தால் எழுதி வாங்கியிருப்பார்கள்). இத்தகைய புகார்களைத் பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவதைத் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவோடு, பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கான 303ஆம் பிரிவையும் சேர்த்துப் பதியவும், விளையாட்டு நிறுவனங்களிடம் பரிமாற்றப் பதிவுகளை அவை அழியுமுன் கேட்டுப் பெறவும் இணையக் குற்றப் பிரிவுக் காவல் நிலையங்களுக்குக் காவல்துறைத் தலைமை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

வாசகர், திருச்சி