இரண்டு ஜோடி உடுப்பு போதும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் தேறி, மறுபடியும் படிக்கட்டு ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. என் பக்கம் பெரிய விசேஷம் எதுவும் இல்லை. கண்ணாடியின் பவர் ஏறியிருக்கிறது, தூண்டில் முள்ளில் நரம்பைக் கோக்க முன்பைவிட ரொம்ப நேரம் ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் கடைசி வரியில், "கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் போய் ஒரு ராத்திரி தங்கி மீன் பிடிக்கப் போகிறேன், என்னென்ன எடுத்துக்கொள்ளட்டும்?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

முதல் தடவை நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். தண்ணீர் புகாத பெரிய டிரை பேக் ஒன்று வாங்கி, டென்ட், ஸ்லீப்பிங் பேக், துணிமணி என்று எல்லாவற்றையும் அதில் திணித்து, பெருமையாகத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போனேன். கயாக்கின் மூடியைத் திறந்து உள்ளே தள்ளினால் பை பாதிகூட நுழையவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன். அந்த மூடி மழைத்துளியைத் தடுக்கும், ஆனால் இரண்டு மணி நேரம் அலை அடித்தால் சொட்டுச் சொட்டாக உள்ளே விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரவு ஸ்லீப்பிங் பேகை எடுத்துப் பிழிந்தேன். துணி பிழிவதுபோலவே பிழிந்தேன்.

அன்று நான் போட்டிருந்தது பருத்திச் சட்டையும் ஜீன்ஸும். பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டுக் காயாமல் உட்கார்ந்திருக்கும். காற்று பட்டால் உடம்புச் சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடும். அதனால் உனக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு ஜோடி உடுப்பு எடு. ஒன்று நனைவதற்கு, இன்னொன்று எது நடந்தாலும் நனையாமல் இருப்பதற்கு. முதல் ஜோடி பாலியெஸ்டரிலோ மெல்லிய கம்பளியிலோ இருக்கட்டும். முழுக்கைச் சட்டையாக இருந்தால் வெயிலுக்கும் ஆகும். இரண்டாவதைக் கரையேறி டென்ட் போட்ட பிறகுதான் தொட வேண்டும். காலையில் கிளம்பும்போது அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, முந்தின நாள் ஈர உடுப்பையே திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொள். நான் ஒருமுறை சோம்பல்பட்டு உலர்ந்ததையே போட்டுக்கொண்டு இறங்கினேன். அரை மணி நேரத்தில் இரண்டு ஜோடியும் ஈரம்.

இன்னொன்று. வெயில் சுள்ளென்று அடிக்கிறதே என்று பார்த்து உடுத்தாதே, தண்ணீரில் கையை விட்டுப் பார்த்து உடுத்து. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். தண்ணீர் சில்லென்று இருந்தால், நனைந்தாலும் உடம்புச் சூட்டைக் காக்கிற வெட்சூட் உடை இல்லாமல் இறங்காதே. லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்குப் பின்னால் கட்டி வைக்கிற பழக்கம் உனக்கு உண்டு, எனக்குத் தெரியும். இந்த முறை அது உடம்பில் இருக்க வேண்டும். விசிலும் சிறு கத்தியும் அதிலேயே தொங்கட்டும்.

பைகளுக்கு வருவோம். ஒரு பெரியதற்குப் பதில் ஐந்தாறு சிறியவை. வாயை மூடும் முன் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு, குறைந்தது மூன்று சுற்றுச் சுருட்டிக் கொக்கியை மாட்டு. வாய் மடிப்பில் ஒரு நூலோ துணி ஓரமோ சிக்கியிருந்தால் போதும், அந்த வழியாகவே தண்ணீர் ஏறிவிடும். ஸ்லீப்பிங் பேகை மட்டும் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை டிரை பேக்குக்குள் வை.

கனமானது எல்லாம் நடுவில், அடியில். குடிதண்ணீர்தான் பெரிய கனம். லிட்டருக்கு ஒரு கிலோ. ஒரே கேனாக வாங்காமல் சின்னச் சின்ன பாட்டில்களாக இருக்கைக்குப் பின்னால் சரித்து வை. மூக்கிலும் வாலிலும் டென்ட் துணி, உடுப்பு மாதிரி லேசானவை போகட்டும். எதுவும் உருளக் கூடாது. பக்கவாட்டில் அடிக்கும் அலைக்குக் கயாக் சாயும்போது உள்ளே ஒரு பாட்டில் உருண்டால், கவிழ்க்க அதுவே போதும். கயாக் தாங்கும் என்று எழுதியிருக்கும் எடையில் உன் எடையும் சேர்த்திதான்; எழுபது சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்.

தூண்டில் சாமானை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நீ எட்டுக் கம்பு எடுத்து வருகிற ஆள். இரண்டு போதும். ஒரு பெட்டி, ஒரு பிளையர், பின்னல் நரம்பை வெட்ட ஒரு கத்தரி. கம்பு, துடுப்பு, பிளையர் மூன்றையும் தனித்தனியாகக் கயாக்கோடு கயிற்றால் கட்டிவிடு. என் முதல் பிளையர் இன்னும் எங்கோ தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கிறது.

ராத்திரிக்குத் தலையில் மாட்டும் விளக்கு, மாற்று பேட்டரியோடு. சிவப்பு வெளிச்சம் இருந்தால் நல்லது. கண் இருட்டுக்குப் பழகினது கெடாது. தண்ணீரில் இருக்கும்போது எல்லாப் பக்கமும் தெரிகிற வெள்ளை விளக்கு ஒன்று வேண்டும், மோட்டார் படகுக்காரன் உன்னைப் பார்க்க வேண்டுமே. கடலோரமாக இருந்தால் கயாக்கை நன்றாக மேலே இழுத்துக் கட்டு, முக்கியமாக அமாவாசை, பௌர்ணமி சமயத்தில். அப்போதுதான் ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், நிறைய ஏறும். எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ.

கிளம்பும் முந்தின நாள் எல்லாவற்றையும் வீட்டிலேயே கயாக்கில் ஏற்றிப் பார். எது நுழையவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

என் பழைய டிரை பேக் இரண்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீலப் பையின் அடியில் ஒரு ஒட்டு இருக்கும். தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டுப் பார்த்தேன், ஒழுகவில்லை. இருந்தாலும் அதில் ஸ்லீப்பிங் பேகை வைக்காதே.

அன்புடன்,
உன் பழைய துடுப்புக்காரன்