குழந்தைகள் வார்டுக்குக் கொடுக்க நினைக்கும் ராமநாதபுரம் தாத்தா பாட்டிகளுக்கு

வணக்கம்.

பேரன் பேத்திகள் பெயரில் ஆளுக்குக் கொஞ்சம் ஓய்வூதியப் பணம் போட்டு, ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு ஏதாவது செய்யலாம் என்று நம் மாவட்ட ஓய்வூதியர்கள் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். மெஷின் வாங்கலாம் என்று ஒரு கட்சி, முகப்பு வளைவு கட்டலாம் என்று ஒரு கட்சியாமே! பச்சிளம் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் நானும் ஒன்று சொல்கிறேன்.

வளைவை விட்டுவிடுங்கள். மெஷினைப் பற்றிப் பேசுவோம்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மஞ்சள் காமாலைக் குழந்தைகளுக்கு வைக்கும் நீல விளக்கு ஒன்று நன்கொடையாக வந்திருந்தது. நெற்றியில் கொட்டை எழுத்தில் 'உபயம்', கோயில் டியூப்லைட் மாதிரியே. அந்த மாதிரி விளக்கில் பல்பு பழசானாலும் கண்ணுக்கு அதே நீலமாகத்தான் தெரியும். ஆனால் காமாலைக்குக் காரணமான பிலிருபினைக் குறைக்கிற சக்தி மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கும். அதை அளந்து பார்க்கக் கையடக்கமாக ஒரு மீட்டர் உண்டு. விளக்குக்கு உபயதாரர் கிடைத்தார், மீட்டருக்குக் கிடைக்கவில்லை. இப்போதைய எல்.இ.டி. விளக்குகள் நீண்ட நாள் உழைக்கின்றன, சரி. ஆனால் குழந்தையைச் சூடாக வைக்கிற வார்மரில், உடல் சூட்டை அளக்க வயிற்றில் ஒட்டுகிற புரோப், ஆக்சிஜன் அளவு பார்க்கக் குட்டிக் காலில் சுற்றுகிற சென்சார், இவையெல்லாம் துடைத்துத் துடைத்து, மடங்கி மடங்கி வயர் விட்டுப்போகும். புரோப் போய்விட்டால் வார்மர் தானாகச் சூட்டைக் கூட்டிக் குறைக்காது. பக்கத்திலேயே ஒருத்தி நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரவுப் பணியில் அதற்கு ஆள் ஏது?

சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தாவிளக்கு, அதாவது அணையா விளக்கு, வைத்தவர்கள் விளக்கைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு என்று கணக்காக விட்டார்கள். 'சாவா மூவாப் பேராடு', அதாவது சாகாத, மூப்படையாத ஆடு, என்று கல்வெட்டிலேயே இருக்கிறது. அந்த ஆடுகளை வாங்கிக்கொண்டவர்கள் அன்றாடம் நெய் அளக்க வேண்டும். நாம் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டு வருகிறோம், நெய் யார் ஊற்றுவது?

பெரிய கருவிகளை மருத்துவப் பணிகள் கழகம் மூலம் அரசே வாங்குகிறது. அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. நீங்கள் போட வேண்டியது ஒரு வைப்பு நிதி. அதன் வட்டியில் வருடா வருடம் புரோப், சென்சார், பராமரிப்பு ஒப்பந்தம் என்று போகட்டும். வட்டிக் கணக்கை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்தது கண். இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் விழித்திரை ரத்தக் குழாய்கள் முழுதாக வளராமல் இருக்கலாம். அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையை இழுத்துவிட்டால் பார்வை போய்விடும். பிறந்த 30 நாளுக்குள் ஒரு கண் மருத்துவர் பார்த்துவிட்டால், தேவைப்பட்டால் லேசர் வைத்துப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். சிக்கல் என்னவென்றால், வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. எடை ஏறி, பால் குடித்து, வீட்டுக்குப் போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொண்டியிலிருந்தோ சாயல்குடியிலிருந்தோ கண்ணைக் காட்ட மதுரைக்கு வா என்றால் எத்தனை பேர் வருவார்கள்? ராமேஸ்வரத்துக்காரருக்கு அது 170 கிலோமீட்டர். அப்பாவுக்கு ஒரு நாள் கடல் தொழில் போகும். "பிள்ளை நல்லாத்தானே முழிக்குது" என்று வீட்டுப் பெரிய மனுஷி சொல்வாள். (ஆமாம், பெரும்பாலும் நம்மைப் போன்ற பாட்டிதான்.)

கர்நாடகத்தில் 2008 முதலே விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவை வண்டியில் ஏற்றி மாவட்ட மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். பயிற்சி பெற்ற ஊழியர் படம் எடுப்பார், பெங்களூரில் இருக்கும் மருத்துவர் பார்த்துச் சொல்வார். 2022இல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்ட நம் ஊரில், எந்தக் குழந்தையும் இந்தப் பரிசோதனைக்காக மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. பணம் எழுதும் முன் குழந்தைகள் துறைத் தலைவரிடம் கேளுங்கள்: வார்டிலேயே வாராவாரம் கண் பார்க்கிறார்களா, கேமரா இருக்கிறதா, வீட்டுக்குப் போன பிள்ளைகளைப் போனில் கூப்பிட்டு வரவழைக்க ஆள் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆகும் செலவு சொற்பம். இல்லை என்றால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பணத்தைத் தனி ஆள் யாரிடமும் கொடுக்க வேண்டாம். மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்துக்குக் காசோலையாகக் கொடுத்து, எதற்கு என்று எழுத்தில் குறிப்பிட்டு, ரசீது வாங்குங்கள். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகையும் கிடையாது. ஆண்டுக்கு ஒரு முறை செலவுக் கணக்கைக் கேளுங்கள். கருவூலத்திலும் தணிக்கையிலும் காலம் கழித்தவர்கள் கேட்டால் யாரும் தட்ட மாட்டார்கள்.

அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறவர்கள் விருந்தில் ஒரு பந்தியைக் குறைத்துக்கொள்ளலாம். கீழக்கரைப் பெரியவர்களுக்கு சதக்கா என்னும் தானம் புதிதல்ல. தங்கச்சிமடத்துப் பெரியவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், மதுரை வண்டியில் அதிகம் அலைவது அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான்.

பெயர்ப் பலகை வேண்டும் என்றால் வையுங்கள், தப்பில்லை. வெளிச் சுவரில் வையுங்கள். உள்ளே தொட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஆக்சிஜன் பாயின்ட்டுக்கும் பிளக்குக்குமே இடம் போதாது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பரமக்குடி