சுடாத மண்ணில் 36 முகங்கள்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பழைய சூளையைப் பிரித்துப் புதிதாகக் கட்டியதையும், மழை பிடிப்பதற்குள் முதல் சூளை நல்லபடியாக இறங்கியதையும் படித்து மனம் நிறைந்தது. நான் பாரிசில் மகள் வீட்டில் நலமாக இருக்கிறேன். இந்த ஊரில் பளிங்குச் சிலைகளுக்குக் குறைவே இல்லாதபோது, ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் சில களிமண் தலைகளைப் பார்க்க மூன்று முறை போனேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அப்படி என்ன அதில் என்று கேட்டிருக்கிறாய். உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்!

அந்தத் தலைகளைச் செய்தவர் ஓனோரே தோமியே. 1808இல் மார்சேய் நகரில் ஒரு கண்ணாடி வேலைக்காரருக்குப் பிறந்தவர். அங்கே மொத்தம் 36 மார்பளவுச் சிலைகள் இருக்கின்றன; ஒன்றுகூட ஒரு சாண் உயரத்தைத் தாண்டவில்லை. பெரும்பாலும் 1830களின் முற்பகுதியில் பிரான்சை ஆண்ட லூயி ஃபிலிப் மன்னரின் ஆதரவாளர்கள்: அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், நீதித்துறையினர், செல்வந்தர்கள். ஒருவருக்குக் கண்கள் கன்னச் சதைக்குள் புதைந்திருக்கின்றன. இன்னொருவர் பல்லில்லாத வாயைத் திறந்து சிரிக்கிறார். அமைச்சராக இருந்த தார்கூ பிரபுவின் மூக்கு, முகத்தை விட்டுத் தனியே புறப்பட்டுவிட்டதுபோல முன்னே நீண்டு நிற்கிறது. நான் கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்து பார்த்தேன். கன்னத்தைப் பிதுக்கிய கட்டைவிரலின் அழுத்தம், புருவத்தின்மேல் ஒட்டிய சிறு மண் உருண்டை, கழுத்துத் துணிக்காக இழுத்துவிட்ட மண் பட்டை எல்லாம் அப்படியே இருக்கின்றன. சுந்தரம், அந்த மண் சுடப்படவே இல்லை! பச்சை மண் காய்ந்த நிலையிலேயே அதன்மேல் எண்ணெய் வண்ணம் பூசியிருக்கிறார்.

இவற்றைச் செய்யச் சொன்னவர் ஷார்ல் ஃபிலிப்போன். அவர் 1830இல் ‘லா கரிகாத்யூர்’ என்ற கேலிச்சித்திர வார இதழையும் 1832இல் ‘ல ஷரிவாரி’ என்ற நாளிதழையும் தொடங்கியவர். 1830 ஜூலைப் புரட்சியால் அரியணை ஏறிய மன்னர் பத்திரிகைச் சுதந்திரத்தைக் காப்பதாக வாக்களித்தார். ஆனால் கேலிச்சித்திரங்கள் தம் மீதே திரும்பியதும் வழக்குகள் வரிசையாக வந்தன. 1831 நவம்பரில் நீதிமன்றத்தில் நின்ற ஃபிலிப்போன், மன்னரின் முகம் படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதை நான்கு படங்களாக வரைந்து காட்டி, உருவ ஒற்றுமை குற்றமென்றால் பேரிக்காயையும் அல்லவா கைது செய்ய வேண்டும் என்று வாதாடினார். ஆறு மாதச் சிறையும் 2,000 ஃபிராங்க் அபராதமும் கிடைத்தன. ஆனால் அந்தப் பேரிக்காய் பாரிசின் சுவர்களிலெல்லாம் பரவிவிட்டது. 1834இல், தன்மேல் வந்த ஒரு தீர்ப்பையே ‘ல ஷரிவாரி’ பேரிக்காய் வடிவத்தில் அச்சுக்கோத்து வெளியிட்டது. அந்தத் துணிச்சலை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

தோமியேயும் தப்பவில்லை. மன்னரைப் பெருந்தீனிக்கார அரக்கனாக உட்காரவைத்து, ஏழைகள் போடும் காசைக் கூடை கூடையாகச் சுமந்துகொண்டு பணியாட்கள் ஒரு பலகை வழியாக அவர் வாய்க்குள் ஏறுவதாக 1831 டிசம்பரில் வரைந்தார். அதற்காக ஆறு மாதத் தண்டனை விதிக்கப்பட்டு, 1832இல் சேன்த் பெலாஜி சிறைக்குப் போனார். அப்போது அவருக்கு 24 வயது.

இங்கே அவருடைய கருவியான கல்லச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புக் கலந்த கரிக்கோலால் வரைவார்கள். கல்லை நீரால் நனைத்து மை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். இடையில் செதுக்குபவர் யாரும் இல்லாததால் ஓவியரின் கை எப்படி ஓடியதோ அப்படியே தாளில் வந்து விழும். படத்தை அச்சிட்டு முடித்ததும் கல்லைத் தேய்த்து அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். தம் வாழ்நாளில் ஏறத்தாழ 4,000 கல்லச்சுப் படங்கள் வரைந்த மனிதரின் மூலக்கோடுகள் இப்படித்தான் பெரும்பாலும் அழிந்தன. விற்பனைக்கென்று செய்யாத, ஃபிலிப்போனிடமே இருந்த பச்சை மண்தான் தங்கியிருக்கிறது. முதலில் விரலால் ஒரு முகத்தைப் பிசைந்து அறிந்துகொண்டு, பிறகு அதைப் பார்த்து வரைந்ததால்தான் அவருடைய படங்களில் தலைகள் இவ்வளவு கனமாக, உருண்டு திரண்டு நிற்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1834இல் வந்த ‘சட்டமன்ற வயிறு’ படத்தைப் பார்த்தால் உனக்கே புரியும்: அரைவட்ட இருக்கைகளில் தூங்கியும் மூக்கைச் சிந்தியும் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அந்த மண் முகங்களே.

அதே ஆண்டு ஏப்ரலில் பாரிசில் கிளர்ச்சி நடந்தபோது, த்ரான்ஸ்நோனேன் தெருவில் ஒரு வீட்டிலிருந்து யாரோ சுட்டார்கள் என்று படைவீரர்கள் உள்ளே புகுந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொன்றார்கள். தோமியே அதை வரைந்தார். அதில் கேலி இல்லை, மிகைப்படுத்தலும் இல்லை. கலைந்த படுக்கையின் அருகில் இரவுச் சட்டையும் தொப்பியுமாக ஒரு மனிதர் சரிந்து கிடக்கிறார். அவருடைய உடலுக்கு அடியில் ஒரு குழந்தை. இருட்டில் ஒரு பெண், வலது ஓரத்தில் ஒரு முதியவரின் தலை, கவிழ்ந்த நாற்காலி. கொன்றவர்கள் படத்தில் இல்லை. அபராதம் கட்டப் பணம் திரட்டுவதற்காக ஃபிலிப்போன் நடத்திய மாதாந்தரப் படத் திட்டத்தின் கடைசித் தாள் அது. கடை முன் கூட்டம் கூடியது. அதிகாரிகள் கல்லையும் கிடைத்த பிரதிகளையும் பறித்து அழித்தார்கள். 1835 செப்டம்பரில் வந்த சட்டம், முன் அனுமதியின்றி எந்தப் படத்தையும் வெளியிடக் கூடாது என்றது. எழுத்தைவிடப் படத்துக்கு அவ்வளவு அஞ்சினார்கள்.

அக்காலத்தில் மிகவும் புகழ்பெற்ற கேலிச் சிற்பி ழான் பியேர் தாந்தான். பாகனினி, ரோசினி, விக்தர் ஹ்யூகோ, பால்சாக் ஆகியோரைச் சிறு உருவங்களாக்கிச் சாந்தில் வார்த்து விற்றார். பீடத்தில் பெயருக்குப் பதில் படப்புதிர் வைப்பது அவர் வழக்கம். கார்னவாலே அருங்காட்சியகத்தில் நிறைய இருக்கின்றன. கைத்திறனைப் பாராட்டினேன், ஆனால் அவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபின் எதுவும் கூடவே வரவில்லை.

கூடவே வந்தது தோமியேயின் ‘ரத்தாப்வால்’. லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றுவதற்குச் சற்று முன், அவருக்காகத் தெருவில் மிரட்டித் திரியும் அடியாளின் உருவமாக அதைச் செய்தார். நசுங்கிய தொப்பி, முறுக்கிய மீசை, எலும்பும் தோலுமான உடம்பு, பின்னால் மறைத்த தடி. உடல் முழுவதும் ஒரு திருகல். எந்தப் பக்கம் போய் நின்றாலும் அது உன்னை எடைபோடுவதுபோல இருக்கும். 1851 டிசம்பரில் ஆட்சி கைப்பற்றப்பட்ட பிறகு அதைக் காவலர் கண்ணில் படாமல் தோமியேயின் மனைவி ஒளித்துவைத்தார் என்று சொல்வார்கள்.

முதுமையில் தோமியேவுக்குக் கண்பார்வை மங்கியது. ஓவியர் கொரோ உதவியால் கிடைத்த வால்மோந்துவா கிராமத்து வீட்டில் 1879இல் காலமானார். மண் தலைகள் ஃபிலிப்போன் குடும்பத்திடமே 1927 வரை இருந்தன. பிறகு வாங்கியவர் வெண்கலத்தில் வார்க்கச் செய்தார். வெண்கலப் பிரதிகள் உலகின் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, அவற்றில் உருவம் இருக்கிறது, ஆனால் அந்த விரல் ஈரம் இல்லை. 1980இல்தான் மூல மண் சிலைகள் பிரெஞ்சு அரசின் கைக்கு வந்தன. பலவற்றில் விரிசல், சில இடங்களில் ஒட்டுப் போட்ட தடம்.

அந்த விரிசல்களைப் பற்றித்தான் உன்னிடம் கேட்க வேண்டும். பச்சை மண்ணின்மேல் எண்ணெய் வண்ணம் பூசினால் அது மண்ணை இறுக்கிக் காக்குமா, இல்லை மேல்தோல் ஒருபுறம் இழுக்க உள்மண் ஒருபுறம் சுருங்கி அதுவே வெடிப்புக்குக் காரணமாகுமா? மூக்கு நுனி, காது மடல் போன்ற மெல்லிய இடங்கள் எப்படி இவ்வளவு காலம் நின்றன? நான் எடுத்த படங்களைத் தனியே அனுப்புகிறேன். தார்கூ பிரபுவின் மூக்கைப் பக்கவாட்டில் எடுத்ததை முதலில் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்
கதிரேசன்