காம்பேக்‌ஷனில் எல்ஆர்யு வரிசை குலைவது: மூடிய புகாரைத் திறக்கக் கோரிக்கை

பெறுநர்: மேலாளர், கர்னல் ஆதரவுப் பிரிவு
அனுப்புநர்: சர்வர் பராமரிப்புக் குழு (ஆதரவு ஒப்பந்த வாடிக்கையாளர்)

ஐயா / அம்மையீர்,

"ரேம் போதவில்லை, கூட்டிக்கொள்ளுங்கள்" என்ற ஒற்றை வரியோடு, காம்பேக்‌ஷனில் (காலி இடத்தைத் தொடர்ச்சியாக்க நினைவகப் பக்கங்களை இடம் மாற்றுவது) எல்ஆர்யு வரிசை குலைகிறது என்ற எங்கள் புகாரை மூடிவிட்டீர்கள். எவ்வளவு ரேம் போட்டாலும் இந்தக் குறை தீராது. பக்கங்களை இடம் மாற்றும் உங்கள் லினக்ஸ் கர்னல், எல்ஆர்யு பட்டியலில் (புதிதாகப் பயன்பட்ட பக்கம் தலையில், நெடுநேரம் தொடாதது வாலில்; வாலில் இருப்பது முதலில் வெளியேறும்) அவை நின்ற இடத்தைத் தொலைத்துவிடுகிறது.

2 எம்பி ஹியூஜ் பேஜ் (பெரிய நினைவகப் பக்கம்) ஒன்றுக்கு 4 கேபி பக்கங்கள் 512 தொடர்ச்சியாக வேண்டும். அதற்காகக் காம்பேக்‌ஷன் ஸோனின் (நினைவகப் பகுதி) அடியிலிருந்து மேல்நோக்கி ஸ்கேன் செய்து, பயன்பாட்டிலுள்ள பக்கங்களை 32, 32-ஆகப் பிரித்தெடுத்து, மேல்முனைக் காலி ஃபிரேம்களுக்குப் (ஒரு பக்கம் அமரும் நினைவக இடங்கள்) பெயர்க்கிறது. ஸ்கேனர் பார்ப்பது ஃபிரேம் எண்ணை மட்டும், அதில் தவறில்லை. திருப்பிச் சேர்க்கும் இடத்தில்தான் கோளாறு: எல்லாமே பட்டியலின் தலைக்குப் போகின்றன. வாலில், வெளியேறும் தறுவாயில் இருந்த பக்கம் முன்னுக்கு வருகிறது. சற்றுமுன் படித்த பக்கம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ஆக்டிவ் கொடி (ஆக்டிவ், இன்ஆக்டிவ் பட்டியல்களில் பக்கம் எதைச் சேர்ந்தது என்ற குறி) நகலாகிறதே என்பீர்கள். அது எந்தப் பட்டியல் என்பதைக் காக்கும், பட்டியலுக்குள் எந்த இடம் என்பதை அல்ல.

நீங்களே சோதித்துப் பாருங்கள். மல்டி-ஜென் எல்ஆர்யுவையும் (எல்ஆர்யுவின் புதிய மாற்று முறை) ஸ்வாப்பையும் (பக்கங்களை வட்டுக்கு அனுப்புவது) அணைத்து, பேஜ் கேஷைக் (படித்த கோப்புகளின் நினைவக நகல்) காலிசெய்து, முதலில் 'அ' கோப்பை ஒருமுறை, அடுத்து 'ஆ' கோப்பை ஒருமுறை படியுங்கள். காம்பேக்‌ஷனை உடனே தூண்டும் காம்பாக்ட்_மெமரியில் 1 எழுதுங்கள். விஎம்ஸ்டாட் புள்ளிவிவரத்தில் பிஜிமைக்ரேட்_சக்சஸ் (வெற்றிகரமாக நகர்ந்த பக்கங்களின் எண்ணிக்கை) ஏறாவிட்டால் எதுவும் நகரவில்லை, அந்தச் சோதனை செல்லாது. ஏறியிருந்தால் 'இ' என்ற பெரிய கோப்பைப் படித்து நெருக்கடி கொடுத்து, பாதியில் நிறுத்தி, கோப்பில் எவ்வளவு நினைவகத்தில் உள்ளது எனக் காட்டும் ஃபின்கோரில் பாருங்கள். முதலில் 'அ' கரைய வேண்டும். ஆனால் இரண்டும் கலந்து கரையும். காம்பேக்‌ஷன் படியை விட்டுச் செய்தால் 'அ'தான் முதலில் போகும்.

காம்பேக்‌ஷன்_ப்ரோஆக்டிவ்னஸை (முன்கூட்டியே காம்பேக்‌ஷன் செய்யும் தீவிர அளவு) 20-இலிருந்து 0 ஆக்க நீங்கள் சொன்னதும் பயன்படாது. பின்னணியில் ஓடும் கேகாம்பாக்ட்டியின் முன்கூட்டிய வேலைதான் நிற்கும். ஹியூஜ் பேஜ் கேட்கும்போது நேரடியாக நடக்கும் காம்பேக்‌ஷன் நிற்காது.

நாங்கள் கேட்பது இது. பிரித்தெடுக்கும்போதே முன், பின் அண்டைப் பக்கங்களைக் குறித்துவையுங்கள். திரும்பும்போது எல்ஆர்யு பூட்டைப் பிடித்து (வேறு எதுவும் பட்டியலை மாற்றாதபடி), அவை அதே பட்டியலில் அருகருகே நின்றால் இடையில் செருகுங்கள். இல்லையெனில் இப்போதுபோல் தலையில் சேர்க்கலாம். அண்டைப் பக்கமும் அதே 32-இல் சிக்கியிருந்தால் குறித்துவைத்த பழைய பக்கம் உதவாது. பழையதற்குப் புதியது எது என்று ஒரு சிறு அட்டவணை வேண்டும். இதை விட்டுவிட்டால் அடுத்தடுத்து நின்ற பக்கங்களுக்குத் திருத்தம் வேலை செய்யாது. அசிங்க் முறையில் (காத்திராமல்) நகர்த்த முடியாத ரைட்பேக் பக்கங்களை (வட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருப்பவை) இப்போதுபோலவே தொடாமல் விடுங்கள்: எடுத்துவிட்டு அப்படியே திருப்பி வைத்தாலும் வரிசை கெடும்.

புகாரை மீண்டும் திறந்து, திருத்தம் எந்த வெளியீட்டில் வரும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புக் குழு